சோலெண்ட்: வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டிய சமையல்

யூதர்கள் சனிக்கிழமை மதியம் சாப்பிடும், பீன்ஸும் கறியும் பார்லியும் சேர்ந்த சோலெண்ட் குழம்பை வீட்டில் இரண்டு முறை செய்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை பீன்ஸ் வேகவே இல்லை. இரண்டாம் முறை அடி தீய்ந்து, மேலே தண்ணீர் மிதந்தது. ஸ்லோ குக்கரில் செய்யலாமா, ராத்திரி முழுக்க அடுப்பை விட்டுவைத்தால் ஆபத்தில்லையா, மாட்டுக்கறி இல்லாமல் செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நான் ஜெருசலேமில் ஐந்து வருடம் ஒரு வயதான அம்மாவுக்குத் துணையாக, அவர் வீட்டிலேயே தங்கி வேலை பார்த்தேன். அவருடைய பெற்றோர் ஹங்கேரியிலிருந்து வந்தவர்கள். எல்லாரும் அவரை 'சவ்தா' என்று கூப்பிடுவார்கள், ஹீப்ருவில் பாட்டி என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் இந்தக் குழம்பை ஹங்கேரியர்கள் சொல்வதுபோல 'ஷோலெட்' என்பார். ஏறத்தாழ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். எனக்குத் தெரிந்தது அங்கே கற்றதுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிது. இது ருசிக்காக யாரோ யோசித்துச் செய்த மெதுவான சமையல் இல்லை. யூதர்களின் ஓய்வுநாளில், அதாவது வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும்வரை, சமைக்கக் கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது. விவிலியத்தில் யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் 3ஆம் வசனத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்று இருக்கிறது. ஆனால் ஓய்வுநாளைச் சந்தோஷமாகக் கொண்டாட வேண்டும், சூடாகச் சாப்பிட வேண்டும் என்பதும் மரபு. அப்படியானால் வழி ஒன்றுதான்: முன்னாலேயே ஏற்றி, முக்கால்வாசி வேகவைத்து, அப்புறம் கை வைக்காமல் சூட்டிலேயே விட்டுவிடுவது. கிளறக் கூடாது, தண்ணீர் சேர்க்கக் கூடாது, உப்பு போதவில்லை என்று அடுப்பில் இருக்கும்போது போடக் கூடாது. நீங்கள் யூதராக இல்லாவிட்டாலும், சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், இந்தக் குழம்பு அந்தச் சட்டத்துக்கு ஏற்றபடிதான் உருவாகியிருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூடியைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, மேலே தண்ணீர் மிதந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்த வழக்கம் மிகப் பழையது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவில் சூடான பானையை எதற்குள் பொதிந்து வைக்கலாம் என்று ஒரு விவாதம் வருகிறது. ஆலிவ் பிழிந்த சக்கை, சாணம், உப்பு, சுண்ணாம்பு, மணல் ஆகியவை கூடாது, ஏனென்றால் அவை சூட்டைத் தாங்களே கூட்டும். துணி, புறா இறகு, மரத்தூள் ஆகியவை ஆகலாம், அவை இருக்கும் சூட்டைக் காப்பதோடு சரி. அடுக்களையில் நின்று யோசித்தவர்கள் எழுதியதுபோல எனக்குப் படும். அங்கே அந்த உணவுக்குப் பெயர் 'ஹமீன்', சூடானது. இன்றும் கிழக்கத்திய யூதர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சூடாகச் சாப்பிடுவதே ஒரு நிலைப்பாடாகவும் இருந்தது. எழுதப்பட்ட வேதத்தை மட்டும் ஏற்ற காரைட்டுகள் என்ற யூதப் பிரிவினர் ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பே இருக்கக் கூடாது என்று கொண்டு, விளக்கில்லாமல், ஆறிய உணவைச் சாப்பிட்டார்கள். அதற்கு எதிராக, ஹமீன் சாப்பிடாதவனைச் சந்தேகப்பட வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டில் ரப்பி, அதாவது யூத மதகுரு, செராகியா ஹலேவி எழுதினார். 'சோலெண்ட்' என்ற பெயர் 13ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் ரப்பி ஐசக் பென் மோசே எழுதியதில் வருகிறது. பிரான்சில் தன் ஆசிரியர் வீட்டில் அதைக் கண்டதாகச் சொல்கிறார். பழைய பிரெஞ்சில் சூட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. 'ஷூல்' முடிந்ததும், அதாவது தொழுகை முடிந்ததும் சாப்பிடுவதால் அந்தப் பெயர் என்று சவ்தா சொல்வார். அது வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை.

ஸ்பெயினில் இதற்கு 'அடஃபினா' என்று பெயர். புதைத்தது என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது, தணலில் புதைத்து வைப்பார்கள். 1478இல் அங்கே மத விசாரணை மன்றம் ஏற்பட்ட பிறகு, கட்டாயத்தால் கிறிஸ்தவரானவர்களை இந்தப் பானையை வைத்தே காட்டிக்கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை கொண்டைக்கடலையும் கறியும் ஏற்றி மறுநாள் சாப்பிட்டார்கள் என்று வேலைக்காரர்கள் சொன்ன சாட்சிகள் பதிவில் இருக்கின்றன. ஒரு பானைக் குழம்புக்காக மனிதர்கள் அவ்வளவு பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். அதை நினைக்காமல் என்னால் இந்தப் பானையை அடுப்பில் ஏற்ற முடிந்ததில்லை.

இன்னொன்று. ராஜ்மா, வெள்ளை பீன்ஸ், உருளைக்கிழங்கு, பாப்ரிகா என்ற காரம் குறைந்த மிளகாய்த்தூள் எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, நம் மிளகாயைப் போலவே. அதற்கு முன்னால் கொண்டைக்கடலையும் பெரிய மொச்சை வகையும் கோதுமையும்தான். ஆகவே 'அசல் செய்முறை எது' என்று தேடி அலைய வேண்டாம். பொருள்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. மாறாதது அந்த நீண்ட சூடு.

சரி, சமையலுக்கு வருவோம். எட்டுப் பேருக்கு, 7 லிட்டர் பிடிக்கும் அடி கனமான பாத்திரத்துக்கு நான் போடும் அளவு இது. காய்ந்த பீன்ஸ் 250 கிராம், பாதி ராஜ்மா பாதி வெள்ளை பீன்ஸ். பார்லி 150 கிராம். எலும்பில்லாத மாட்டுக்கறி ஒரு கிலோ, அதோடு மஜ்ஜை உள்ள நல்லி எலும்பு மூன்று. நடுத்தர உருளைக்கிழங்கு ஆறு. பெரிய வெங்காயம் மூன்று, பூண்டு ஒரு முழுப் பூண்டு. பாப்ரிகா ஒரு டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், தேன் ஒரு ஸ்பூன், முட்டை ஆறு. பாப்ரிகா கிடைக்காவிட்டால் காரம் குறைந்த காஷ்மீரி மிளகாய்த்தூள் சரியாக இருக்கும். மல்லி, சோம்பு, கரம் மசாலா என்று கை நீளும். தயவுசெய்து முதல் முறை வேண்டாம். பதினாறு மணி நேரம் வேகும்போது மசாலாவின் மணம் போய்விடும், கசப்புதான் தங்கும். இந்தக் குழம்பின் ருசி வெங்காயமும் எலும்பும் பார்லியும் தாங்களே நிறம் மாறுவதிலிருந்து வருகிறது.

கறியில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று சொல்வேன், ஆனால் விலை உயர்ந்த கறி என்ற அர்த்தத்தில் இல்லை. மெத்தென்ற, கொழுப்பில்லாத கறி பத்து மணி நேரத்தில் நார்நாராகி வறண்டுவிடும். நமக்கு வேண்டியது அதிகம் உழைத்த தசை: மார்புக்கறி, முன்னங்கால் கறி, தாடைக்கறி, விலாவோடு இருக்கும் கறி. அவற்றில் இருக்கும் கெட்டியான சவ்வு மெதுவான சூட்டில் மணிக்கணக்காக இளகி, குழம்புக்கு உதட்டில் ஒட்டும் பிசுபிசுப்பைத் தரும். இதிலும் சட்டமும் ருசியும் ஒன்றுகூடுகின்றன. யாக்கோபின் தொடை நரம்பைப் பற்றி ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில் வரும் வழக்கத்தால் அந்த நரம்பை நீக்காமல் பின்பாகத்தைச் சாப்பிடக் கூடாது. அதை நீக்குவது பெரிய வேலை, அதனால் பல ஊர்களில் முன்பாகக் கறியை மட்டுமே விற்பார்கள். சோலெண்டுக்கு வேண்டியதும் அதுதான்.

வியாழன் ராத்திரி பீன்ஸை நிறையத் தண்ணீரில், லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் உப்புப் போட்டு ஊறவையுங்கள். உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது என்று நம் வீடுகளிலும் சொல்வார்கள். ஊறும் தண்ணீரில் உப்பு இருந்தால் தோல் இன்னும் நன்றாக இளகும் என்பதுதான் என் அனுபவம். உண்மையில் கெடுப்பவை வேறு மூன்று: பழைய பீன்ஸ், புளிப்பு, உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடினநீர். நீங்கள் போர் தண்ணீரில் ஊறவைத்து, தக்காளி விழுதையும் ஆரம்பத்திலேயே போட்டிருக்கிறீர்கள். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் தக்காளியின் புளிப்பும் பீன்ஸின் உள்கட்டை இளகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி. குடிக்கும் தண்ணீரில் ஊறவையுங்கள், தக்காளியை விட்டுவிடுங்கள். சவ்தா வீட்டில் தக்காளி போட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பீன்ஸைப் போட்டுக் கொதிக்கவிடுங்கள். தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு அரை மணி நேரம். இதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது, முழுக் கொதிப்பில்தான் அது அழியும். வேகாத நாலைந்து பீன்ஸே வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரப் போதும். ஸ்லோ குக்கர் மெதுவாகச் சூடேறி, பெரும்பாலும் கொதிநிலைக்குக் கீழேயே நிற்கும். அந்த அரைகுறைச் சூடு நச்சை அழிக்காததோடு, பச்சை பீன்ஸைவிட மோசமாகவும் ஆக்கலாம். முதல் முறை பீன்ஸ் வேகாமல் இருந்தது என்றீர்கள், அதைச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் தப்பித்தீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கொதித்த தண்ணீரையும் கொட்டிவிடுங்கள்.

அது கொதிக்கும் நேரத்தில் வெங்காயத்தைத் தடிமனாக நறுக்கி எண்ணெயில் வதக்குங்கள். நெய்யும் வெண்ணெயும் கிடையாது. இறைச்சியோடு பால் பொருள் சேர்ப்பதில்லை, அந்த வீட்டில் பால் பாத்திரமே தனி. ஹங்கேரிக்காரர்கள் வாத்துக் கொழுப்பு போடுவார்கள், கோழிக்கொழுப்பை உருக்கியும் போடலாம். பொன்னிறம் போதாது. நல்ல பழுப்பு வரும்வரை, இருபத்தைந்து நிமிடமாவது ஆகட்டும். குழம்பின் நிறத்தில் பாதி இங்கேதான் முடிவாகிறது. அதே பாத்திரத்தில் கறியைப் பெரிய துண்டுகளாக, கைப்பிடி அளவில் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க விடுங்கள். அடுப்பை அணைத்துப் பாப்ரிகாவைப் போட்டுப் பிரட்டுங்கள். எரியும் அடுப்பில் போட்டால் அது ஒரு நொடியில் கருகிக் கசந்துவிடும்.

இப்போது அடுக்குவது. உங்கள் குழம்பு அடிப்பிடித்ததற்கான விடை இதில் இருக்கிறது. வெங்காயத்தையும் கறியையும் வெளியே எடுத்துவிட்டு, அடியில் முதலில் எலும்புகளையும் உருளைக்கிழங்கையும் பரப்புங்கள். கிழங்கை முழுதாகவோ இரண்டாகவோ போட வேண்டும், சின்னத் துண்டாக்கினால் கரைந்துவிடும். இவைதான் மெத்தை. இதன்மேல் வெங்காயம், பூண்டு, கறி, அப்புறம் பீன்ஸ், கடைசியில் கழுவிய பார்லி. நீங்கள் பார்லியை முதலில் போட்டிருக்கிறீர்கள். பார்லி அடியில் உட்கார்ந்து மாவாகி, பாத்திரத்தில் ஒட்டி, பசைபோல இறுகிக் கருகியிருக்கும். கஞ்சி அடிப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரைக் கொதிக்கவைத்தே ஊற்றுங்கள். எல்லாப் பொருளும் மூழ்கி, அதற்கு மேல் இரண்டு விரற்கடை நிற்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஆகும். தேன், மிளகு, மூன்று டீஸ்பூன் உப்பு போட்டு, நிதானமான கொதியில் ஒரு மணி நேரம் வையுங்கள். இந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் தண்ணீரைப் பற்றி உண்மையான முடிவு எடுக்க முடியும், ஏனென்றால் பார்லி அதற்குள் குடிக்க வேண்டியதில் பாதியைக் குடித்திருக்கும். சவ்தா ஒரு மரக்கரண்டியின் பின்பக்கத்தால் மேலே இருக்கும் பார்லியை மெதுவாக அழுத்துவார். கரண்டியின் மேல் தண்ணீர் உடனே ஏறி மூடினால் போதும் என்பார். தயங்கித் தயங்கி ஏறினால் இன்னும் ஒரு குவளை வெந்நீர். உப்பையும் அப்போதே பார்த்துச் சரிசெய்வார், கொஞ்சம் தூக்கலாக. கிழங்கும் பார்லியும் ராத்திரியில் உப்பை இழுத்துக்கொள்ளும்.

முட்டைகளை ஓட்டோடு, நன்றாகக் கழுவி, குளிர்ச்சி போனபின் இந்தக் கட்டத்தில் மெல்ல உள்ளே அழுத்தி வையுங்கள்.

இதெல்லாம் நடக்கும்போது அடுப்பை முதலில் பற்றவைப்பது நானாக இருந்ததில்லை. யூதரல்லாத ஒருவர் முழுக்கத் தானே சமைத்ததை மரபுப்படி நடப்பவர்கள் சாப்பிட மாட்டார்கள். நெருப்பை யூதர் ஒருவர் மூட்டினால் போதும் என்பது ஐரோப்பிய வழி வந்தவர்களின் வழக்கம். காலையில் நான் எல்லாவற்றையும் நறுக்கி வைத்துவிட்டு, சவ்தாவின் சக்கர நாற்காலியை அடுப்பருகே கொண்டுபோவேன். கை நடுக்கத்தோடு குமிழைப் பிடித்துத் திருப்புவார். சில நாள் மூன்று முறை முயல வேண்டியிருக்கும். உதவட்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். நீலச் சுடர் வட்டமாகப் பிடித்ததும், 'நூ' என்று என்னைப் பார்ப்பார். நம் ஊர் 'ம், ஆரம்பி' மாதிரி. அந்த ஒரு திருப்பலால்தான் அது அவருடைய சமையல் ஆனது.

டிசம்பரில் ஜெருசலேமில் நாலு மணிக்கே மெழுகுவத்தி ஏற்றும் நேரம் வந்துவிடும். அதற்கு முன்னால் பானையை அடுப்பிலிருந்து 'பிளாட்டா'வுக்கு மாற்றுவோம். அது ஒரே சூட்டில் நிற்கும், குமிழே இல்லாத மின்தட்டு. இஸ்ரேலில் மரபுப்படி நடக்கும் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். அமெரிக்காவில் எரியும் கேஸ் அடுப்பின் மேல் ஒரு உலோகத் தகட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பானையை வைப்பார்கள், 'பிளெஹ்' என்று பெயர். நெருப்பை மறைத்தால் அதைக் கூட்டவோ குறைக்கவோ கை போகாது என்பது காரணம். சமையல் கண்ணோடு பார்த்தால் சுடரின் சூட்டைப் பரப்பி அடிப்பிடிக்காமல் காக்கிறது. நீங்கள் அதற்காக ஒன்றும் வாங்க வேண்டாம், பழைய கனமான இரும்புத் தோசைக்கல்லைப் பானைக்கு அடியில் வைத்தால் போதும்.

ஆனால் ராத்திரி முழுக்க கேஸ் அடுப்பை எரியவிடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காற்றில் சுடர் அணைந்தால் வாயு கசியும், ஜன்னலைச் சாத்தினால் புகை நச்சு. மின்தட்டும் முழுப் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். 2015 மார்ச்சில் நியூயார்க்கின் புரூக்ளினில், ஓய்வுநாளுக்காக எரியவிட்ட மின்தட்டிலிருந்து தீப்பிடித்து ஒரே குடும்பத்தின் ஏழு குழந்தைகள் இறந்தார்கள். நான் அந்தச் செய்தியை மறந்ததில்லை. புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று சமையலறைக்கு வெளியிலும் படுக்கும் அறைகளுக்குப் பக்கத்திலும் இருக்கட்டும். பக்கத்தில் துணி, காகிதம், எண்ணெய் பாட்டில் எதுவும் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பலகையில் சொருக வேண்டாம், நேரே சுவரில் சொருகுங்கள்.

வீட்டில் ஓவன் இருந்தால் அதுதான் என் முதல் தேர்வு. 105 டிகிரி செல்சியஸில் வைத்து, மூடி இறுக்கமான பாத்திரத்தை உள்ளே தள்ளிவிடுங்கள். சூடு எல்லாப் பக்கமும் சுற்றி வருவதால் அடிப்பிடிக்க வழியே இல்லை. கிழக்கு ஐரோப்பாவின் ஊர்களில் நடந்ததும் இதேதான். வெள்ளிக்கிழமை மதியம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பானை ரொட்டிக்காரரின் அடுப்புக்குப் போகும். மூடியின் விளிம்பை மைதாப் பசையால் பூசி அடைத்திருப்பார்கள். ரொட்டி சுட்டு முடிந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க வேகும். மறுநாள் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் போய்த் தங்கள் பானையை அடையாளம் பார்த்து எடுத்து வருவார்கள். அந்த மாவுப் பசையை நீங்களும் செய்யலாம், மூடி சரியாகப் பொருந்தாத பாத்திரத்துக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஸ்லோ குக்கரில் செய்யலாமா என்றீர்கள். தாராளமாக. அந்தக் கருவியே சோலெண்டிலிருந்து பிறந்ததுதான். இர்விங் நாக்சன் என்ற அமெரிக்க யூதப் பொறியாளர், லிதுவேனியாவில் ரொட்டிக்காரரின் அடுப்பில் வெந்த சோலெண்டைப் பற்றித் தன் தாய் சொன்னதைக் கேட்டு, அதேபோலச் சமைக்கும் மின்பானையை உருவாக்கினார். 1940இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு வேறொரு நிறுவனம் அதை வாங்கி, 1971இல் 'கிராக் பாட்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. குக்கரில் செய்யும்போது இரண்டு மாற்றம் போதும். பீன்ஸின் அரை மணிக் கொதியும் எல்லாம் சேர்த்த ஒரு மணிக் கொதியும் அடுப்பிலேயே முடித்துவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் குக்கருக்கு மாற்றுங்கள். 6 லிட்டர் குக்கராக இருந்தால் எல்லா அளவிலும் கால் பங்கைக் குறையுங்கள். தண்ணீர் இரண்டு விரற்கடைக்குப் பதில் ஒரு விரற்கடை நிற்கட்டும், ஏனென்றால் குக்கரில் ஆவி வெளியே போவது குறைவு. 'லோ' நிலையில் வையுங்கள். 'வார்ம்' நிலை கூடாது, அது வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டும்தான். பிரஷர் குக்கரில் நாற்பது நிமிடத்தில் எல்லாம் வெந்துவிடும், ஆனால் கிடைப்பது நல்ல பீன்ஸ் கறிக்குழம்பு, சோலெண்ட் இல்லை. அந்தப் பழுப்பும் மணமும் மணிக்கணக்கில் மட்டுமே வரும்.

நான் தனியாக அளவு பார்த்த முதல் குளிர்காலத்தில் ஒருமுறை பார்லியை அதிகமாகப் போட்டு, தண்ணீரைக் கூட்டாமல் விட்டுவிட்டேன். நள்ளிரவு தாண்டித் தீயும் வாசனையில் எழுந்தேன். சவ்தாவும் விழித்திருந்தார். 'எடுத்துவிடு' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. ஓய்வுநாளில் தான் செய்யக் கூடாததை யூதரல்லாதவரிடம் சொல்லிச் செய்விப்பதும் பொதுவாகக் கூடாது. இருட்டில் படுத்தபடி, 'வாசனை வருகிறது' என்று மட்டும் சொன்னார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். விடிந்து, மதியம் திறந்தபோது அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கருகல். மேலே இருந்ததை எடுத்துப் பரிமாறினேன். கருகலுக்கு ஒட்டினாற்போல இருந்த, கருகாத பழுப்புப் பொருக்கை அவர் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். தன் அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும் என்றார். அந்த வாரத்திலிருந்துதான் மரக்கரண்டி அழுத்தும் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

மாட்டுக்கறி வேண்டாம் என்றால் ஆட்டுக்கறி மிக நன்றாக வரும், முன்னங்கால் நல்லியோடு வாங்குங்கள். வட ஆப்பிரிக்க யூதர்கள் ஆட்டுக்கறியும் போடுவார்கள். சவ்தாவின் மாடி வீட்டு மொரோக்கோ அம்மா செய்யும் 'ஸ்கீனா'வில் பீன்ஸே கிடையாது, கொண்டைக்கடலையும் முழுக் கோதுமையும்தான். கோதுமையை ஒரு துணிப்பையில் பூண்டோடு கட்டி உள்ளே போட்டு, பரிமாறும்போது தனியாகப் பிரித்துவைப்பார். இனிப்புக்கு இரண்டு பேரீச்சம்பழம். எங்கள் பானை ஒரே களியாக வரும், அவருடையது தனித்தனியாக வரும். எதை அதிகம் பிடிக்கும் என்று அவர் என்னிடம் கேட்டதுண்டு, பதில் சொல்வதைத் தவிர்த்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்: கோதுமைப் பைக்கு ஈடில்லை. இராக் யூதர்கள் 'தபீத்' என்று அரிசி அடைத்த கோழியை இதேபோல ராத்திரி முழுக்க வைப்பார்கள். சைவமாகச் செய்ய நினைத்தால் கொண்டைக்கடலையும் கோதுமையும் கொண்ட இந்த வழியே நல்லது. வெங்காயத்தை இரட்டிப்பாக்கி நன்றாகக் கருஞ்சிவப்பாக வதக்கி, எண்ணெயைத் தாராளமாக விடுங்கள். கொழுப்பில்லாமல் இந்தக் குழம்பு சப்பென்று இருக்கும்.

குழம்போடு வேகவைக்கும் மாவு உருளையான கிஷ்கே பற்றியும் ஒரு வார்த்தை: பழைய நாளில் குடலுக்குள் மாவும் கொழுப்பும் வெங்காயமும் அடைத்துச் செய்வார்கள். வீட்டில் ஒரு கப் மைதா, துருவிய கேரட், வெங்காயம், பாப்ரிகா, கால் கப் எண்ணெய், உப்பு சேர்த்துப் பிசைந்து, பேக்கிங் தாளில் உருளையாகச் சுற்றி இரண்டு முனையையும் முறுக்கி, குழம்பின் மேல் வைத்தால் போதும். காலையில் வட்டமாக வெட்டிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை பதினொன்றரை, பன்னிரண்டுக்குத் திறங்கள். மேலே மெல்லிய பொருக்கு கட்டியிருக்கும், அதைக் கலைக்காமல் கரண்டியை அடிவரை இறக்கி எடுங்கள். குழம்பு ஓடக் கூடாது, தட்டில் மெல்லப் பரவி நிற்க வேண்டும். ஹல்லா ரொட்டி, உப்பில் ஊறிய வெள்ளரி, காரமான முள்ளங்கித் துருவல் ஆகியவை நல்ல துணை. மீந்ததைப் பாத்திரத்திலேயே விட்டு ஆறவைக்காதீர்கள், அவ்வளவு பெரிய பானை ஆற அரை நாள் ஆகும், அதற்குள் கெடும். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

எல்லாம் சரியாக வந்ததா என்று தெரிய, பரிமாறும் முன் ஒரு முட்டையை எடுத்து உரித்துப் பாருங்கள். வெள்ளைக்கரு வெள்ளையாகவே இருந்தால் சூடு போதவில்லை, அடுத்த வாரம் ஓவனை ஐந்து டிகிரி கூட்டுங்கள். பால் விட்ட காபியின் நிறத்தில், வறுத்த கடலைபோல மணத்தோடு இருந்தால் கறியும் பீன்ஸும் எப்படி இருக்கும் என்று பார்க்கவே வேண்டாம், தட்டுகளை எடுத்து வையுங்கள்.